கோத்தகிரி வீட்டு ரவுட்டரில் விபிஎன்: எங்கே நிற்கிறது என்று பார்ப்பது எப்படி

வீடு மலையில், பிழைப்பு கீழே. கோத்தகிரி, குன்னூர் பக்கம் நிறையப் பேருக்கு இதுதான் நிலைமை. வீட்டில் நாலு கேமராவும் அவற்றின் படத்தைப் பதிவு செய்யும் ஒரு டிவிஆரும் இருக்கும், பச்சை இலைக் கணக்கு போடும் கணினி ஒன்று இருக்கும். வீட்டுக்காரர் கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ இருப்பார். அங்கிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் வர ரவுட்டரிலேயே விபிஎன் (வெளியிலிருந்து வீட்டுக்குள் வரும் பூட்டிய சுரங்க வழி) சர்வரை ஓடவிடுவது நல்ல ஏற்பாடு. டிவிஆருக்கு நேரடியாகப் போர்ட் (எண் போட்ட நுழைவாசல்) திறந்து வைப்பதைவிட எவ்வளவோ மேல். வாங்கி மாட்டிய டிவிஆரின் மென்பொருளை யாரும் புதுப்பிப்பதில்லை. அது திறந்து வைத்திருக்கும் 8000, 37777 போன்ற போர்ட்டுகளைத் தேடித் தட்டிக்கொண்டே இருக்கும் நிரல்களுக்கு இணையத்தில் பஞ்சமில்லை.

விபிஎன்னை அமைப்பது சின்ன வேலைதான். அது வேலை செய்யாதபோதுதான் ஒரு நாள் முழுக்கப் போய்விடுகிறது. பெரும்பாலும் எல்லோரும் முதலில் கைவைப்பது சாவியிலும் கடவுச்சொல்லிலும். அழித்துவிட்டு மறுபடி போடுவார்கள், மறுபடி அதே கதை. சாவி தப்பாக இருப்பதைவிட, உங்கள் போன் அனுப்பும் பாக்கெட் (தரவுத் துண்டு) வீட்டு வாசலுக்கே வந்து சேராமல் இருப்பதுதான் இந்த ஊரில் அதிகம். அதனால் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றே ஒன்று: ஹேண்ட்ஷேக் (போனும் ரவுட்டரும் சாவியைச் சரிபார்த்துக் கைகுலுக்குவது) நடந்ததா, இல்லையா? நடக்கவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் வழியில். நடந்துவிட்டது என்றால் வழி திறந்திருக்கிறது, கோளாறு வீட்டுக்குள்ளோ போன் பக்கமோ. இந்த இரண்டில் எது என்று தெரியாமல் எந்த அமைப்பையும் மாற்றாதீர்கள்.

கீழே சொல்வதெல்லாம் வயர்கார்டு என்ற விபிஎன் முறையை வைத்து. 2020 மார்ச்சில் லினக்ஸ் கர்னல் 5.6ல் சேர்ந்ததிலிருந்து இது பரவலாகிவிட்டது. மைக்ரோடிக் 7ஆம் பதிப்பு, ஆசுஸ், டிபி-லிங்க் புதிய மாடல்கள் பலவற்றில் இருக்கிறது. எல்2டிபி என்ற பழைய விபிஎன் முறையை வைத்திருப்பவர்கள் கடைசிப் பகுதிக்குப் போகலாம்.

பேச வசதியாக ஒரு மாதிரி அமைப்பு: வீட்டு நெட்வொர்க் 192.168.47.0/24 (192.168.47 என்று தொடங்கும் முகவரிகள் எல்லாம்). ரவுட்டர் 192.168.47.1, டிவிஆர் 192.168.47.20, கணக்குக் கணினி 192.168.47.30. விபிஎன் வழியாக வருபவர்களுக்கு 10.8.47.0/24. சர்வர் கேட்பது யுடிபி 51820 போர்ட்டில் (யுடிபி, டிசிபி இரண்டும் பாக்கெட் அனுப்பும் முறைகள்). வெளியிலிருந்து கூப்பிட ஒரு டிடிஎன்எஸ் பெயர் (வீட்டின் ஐபி முகவரி மாறினாலும் மாறாத பெயர்).

இன்னொன்று. சோதிக்கும்போது போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் சோதியுங்கள். வீட்டு வைஃபையிலேயே இருந்துகொண்டு வீட்டின் வெளி முகவரியைக் கூப்பிட்டால் பல ரவுட்டர்கள் அதைத் திருப்பி உள்ளே விடாது. சரியாக இருக்கும் விபிஎன்னும் கெட்டுப்போனது போலத் தெரியும்.

## "கனெக்டட் என்று காட்டுகிறது, ஆனால் ஒன்றும் திறக்கவில்லை"

அதிகம் கேட்கும் புகார் இதுதான். வயர்கார்டு செயலியில் பொத்தானைத் தள்ளினால் போதும், மேலே விபிஎன் குறி வந்துவிடும். வீட்டு ரவுட்டர் எரிந்து கிடந்தாலும் வரும். அந்தக் குறிக்கு "இங்கே தயார்" என்பதற்கு மேல் அர்த்தம் கிடையாது.

செயலியில் அந்தச் சுரங்கத்தின் பெயரைத் தொட்டு உள்ளே போங்கள். கடைசி ஹேண்ட்ஷேக் எப்போது நடந்தது என்று ஒரு வரி இருக்கும். பக்கத்திலேயே அனுப்பியது இவ்வளவு, வந்தது இவ்வளவு என்று கணக்கு இருக்கும். அனுப்பியது மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, வந்தது பூஜ்யத்திலேயே நின்றால் ஹேண்ட்ஷேக் நடக்கவில்லை. ரவுட்டர் பக்கத்திலும் ஒவ்வொரு பியருக்கும் (சுரங்கத்தின் மறுமுனைச் சாதனத்துக்கும்) இதே தகவல் தெரியும். புழக்கத்தில் இருக்கும் இணைப்பு சுமார் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஹேண்ட்ஷேக்கைப் புதுப்பித்துக்கொள்ளும். எனவே "3 மணி நேரத்துக்கு முன்" என்று காட்டினால் அது பழைய கதை, இப்போது இணைப்பு இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

## ஹேண்ட்ஷேக் வரவே இல்லை

முதலில் வீட்டில் நெட் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். காற்று மழைக் காலத்தில் ஒரு சில்வர் ஓக் கிளையோ கற்பூர மரமோ சாய்ந்தால் மின்கம்பியும் ஃபைபர் கேபிளும் சேர்ந்தே போகும், ஏனென்றால் பல இடங்களில் இரண்டும் ஒரே கம்பத்தில்தான் ஓடுகின்றன. குரங்கு தொங்கி ஆடுவதும் உண்டு. வீட்டில் இருப்பவருக்கு ஒரு போன் போடுங்கள்: "அண்ணா, மோடத்துல லாஸ்னு எழுதின இடத்துல சிவப்பு லைட் மின்னுதா?" மின்னுகிறது என்றால் ஒளி வரவில்லை, கேபிள் அறுந்திருக்கிறது அல்லது மடங்கியிருக்கிறது. விபிஎன்னை விட்டுவிட்டு லைன்மேனைக் கூப்பிடுங்கள்.

சிவப்பு இல்லை, ஆனால் நெட் அடிக்கடி விட்டு விட்டு வருகிறது என்றால் ஃபைபர் மோடத்தின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் ஆப்டிகல் ஆர்எக்ஸ் பவர் (வந்து சேரும் ஒளியின் வலிமை) என்று ஒரு எண் இருக்கும். சாதாரண ஜிபான் (வீட்டு ஃபைபர்) மோடங்கள் -27 டிபிஎம் வரை வாங்கும். எண் -25ஐத் தாண்டிக் கீழே போயிருந்தால் ஏதோ ஒரு ஒட்டில் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

நெட் நன்றாக இருக்கிறது என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது வேன் முகவரி, அதாவது ரவுட்டரின் வெளிப்பக்க ஐபி. இந்தக் கட்டுரையில் இதைவிட முக்கியமான சோதனை வேறு கிடையாது, கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் ஐபி என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் வீட்டு நெட்டிலிருந்தே "என் ஐபி என்ன" என்று சொல்லும் தளம் ஒன்றைத் திறந்து அங்கே காட்டும் எண்ணைக் குறியுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நல்லது, கீழே போர்ட் பற்றிச் சொல்லும் பத்திக்குப் போங்கள். வேறு வேறாக இருந்தால் உங்களுக்கும் வெளி உலகத்துக்கும் நடுவில் இன்னொரு பெட்டி முகவரி மாற்றிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெட்டி உங்கள் வீட்டில் இருக்கிறதா, கம்பெனியின் கட்டடத்தில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

வேன் ஐபி 192.168 என்று தொடங்கினால் அநேகமாக அது உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. கம்பெனி கொடுத்த ஃபைபர் மோடம் தானே ஒரு ரவுட்டராக வேலை செய்கிறது, அதற்குப் பின்னால் நீங்கள் வாங்கிய ரவுட்டர் நிற்கிறது. இதற்கு வழி இரண்டு. மோடத்தை பிரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேலை செய்யாமல் லைனை மட்டும் கடத்துவது) மாற்றச் சொல்லிவிட்டு பிபிபிஓஇ (கம்பெனி லைனில் லாகின் ஆகும் முறை) பயனர் பெயர், கடவுச்சொல்லை உங்கள் ரவுட்டரில் போடுவது ஒன்று. சில கம்பெனிகளின் லைனில் விலேன் எண்ணும் போட வேண்டியிருக்கும், அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிரிட்ஜ் முடியாது என்றால் மோடத்தில் யுடிபி 51820ஐ உங்கள் ரவுட்டரின் முகவரிக்கு ஃபார்வர்ட் செய்யலாம். எனக்குப் பிடித்தது முதல் வழிதான். இரண்டாவது வழியில் கம்பெனிக்காரர் ஒரு நாள் மோடத்தை ரீசெட் செய்துவிட்டுப் போவார், ஃபார்வர்டிங்கும் அதோடு போய்விடும்.

வேன் ஐபி 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் அது சிஜிநேட். 2012இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்ட முகவரிகள் அவை. உங்களைப் போலப் பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைக் கம்பெனி பகிர்ந்து கொடுக்கிறது. எஸ்டேட் லைன் வீடுகள் எல்லாவற்றுக்கும் எஸ்டேட் ஆபீஸ் முகவரி மட்டும் இருப்பது போலத்தான்: நீங்கள் எழுதும் கடிதம் வெளியே போகும், பதிலும் தேடி வரும், ஆனால் வெளியாள் ஒருவர் ஆபீஸ் முகவரியை மட்டும் எழுதிப் போடும் புதுக் கடிதம் எந்த லைனுக்கு என்று யாருக்கும் தெரியாது. 10 என்று தொடங்கும் முகவரியாக இருந்தால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், ஃபைபர் மோடத்தின் உள்ளே போய் அதன் வேன் ஐபியைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஃபைபர் வராத தோட்டத்து வீடுகளில் 4ஜி சிம் போட்ட ரவுட்டர்தான் கதி. அங்கே சிஜிநேட் இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு தொடங்கலாம்.

சிஜிநேட்டுக்குப் பின்னால் இருந்தால் உங்கள் ரவுட்டரில் எதை மாற்றியும் பயனில்லை. போர்ட் ஃபார்வர்டிங், டிஎம்இசட், ஃபயர்வாலை அணைப்பது, எதுவும் உதவாது. இதிலிருந்து வெளியே வரும் வழிகள் இவை:

நிலையான ஐபி கேட்டு வாங்குவது. கட்டணம் கேட்பார்கள், ஆனால் தலைவலி அதோடு முடிந்தது. அலுவலகம், ஹோம்ஸ்டே, தேயிலைக் கணக்கு என்று வருமானம் சம்பந்தப்பட்ட இடமென்றால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

ஐபிவி6, அதாவது புதிய, நீளமான முகவரி முறை. வீட்டு லைனுக்கு ஐபிவி6 வந்தால் அதில் இந்தப் பகிர்வு கிடையாது, ஒவ்வொரு சாதனத்துக்கும் தனி முகவரி. ஜியோ, ஏர்டெல் மொபைல் டேட்டாவிலும் ஐபிவி6 வருகிறது. டிடிஎன்எஸ் பெயருக்கு ஐபிவி6 பதிவும் போய்ச் சேருகிறதா என்று பார்த்துவிட்டு, ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலில் யுடிபி 51820ஐ அனுமதியுங்கள். இதை மறப்பவர்கள் அதிகம், ஐபிவி4க்குத் திறந்தது ஐபிவி6க்குச் செல்லாது. இதில் ஒரு குறை, ஐபிவி4 மட்டுமே உள்ள ஒரு ஹோட்டல் வைஃபையிலிருந்து வீட்டைப் பிடிக்க முடியாது.

மூன்றாவது, நடுவில் ஒரு இடம். பொது முகவரி உள்ள சின்ன விபிஎஸ் (இணையத்தில் இருக்கும் சர்வர்) ஒன்றை வாடகைக்கு எடுத்து, வீட்டு ரவுட்டரும் உங்கள் போனும் அங்கே போய்ச் சந்திப்பது. வீட்டிலிருந்து வெளியே போகும் இணைப்பு என்பதால் சிஜிநேட் தடுக்காது. வீட்டு ரவுட்டரில் கீப்அலைவ் (சும்மா இருக்கும்போதும் அவ்வப்போது தட்டிக்கொண்டிருப்பது) 25 விநாடி என்று வைக்க வேண்டும், இல்லையென்றால் நடுவில் உள்ள பெட்டி உங்களை மறந்துவிடும். விபிஎஸ்ஸில் வீட்டுப் பியருக்கான அலவுட் ஐபி (அந்தச் சுரங்கம் வழியாகப் போகும் முகவரிகள்) பட்டியலில் 192.168.47.0/24ஐயும் சேர்க்க வேண்டும்.

இதெல்லாம் வேண்டாம் என்றால் டெய்ல்ஸ்கேல் என்ற சேவை. உள்ளே ஓடுவது வயர்கார்டுதான், சந்திப்பு வேலையை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். டிவிஆரில் அதை நிறுவ முடியாது என்பதால் வீட்டில் எப்போதும் ஓடும் ஒரு ராஸ்பெர்ரி பை அல்லது பழைய கணினியை சப்நெட் ரவுட்டராக (வீட்டு நெட்வொர்க்குக்கே வழிவிடும் பெட்டியாக) வைக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால் டெய்ல்ஸ்கேல் தன் சாதனங்களுக்குக் கொடுப்பதும் அதே 100.64 வரிசை முகவரிகள்தான். அதைப் பார்த்து சிஜிநேட் என்று பயப்பட வேண்டாம்.

வேன் முகவரி பொதுமுகவரியாகவே இருக்கிறது, இருந்தும் ஹேண்ட்ஷேக் இல்லை. இப்போதுதான் போர்ட், பெயர், சாவி மூன்றையும் பார்க்க வேண்டும். போர்ட் விதியில் டிசிபி என்று போட்டிருந்தால் யுடிபி என்று மாற்றுங்கள். "போர்ட் திறந்திருக்கிறதா" என்று சொல்லும் தளங்களை இங்கே நம்பாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை டிசிபியைத்தான் தட்டிப் பார்க்கும். யுடிபியைத் தட்டினாலும், சரியான சாவி இல்லாமல் வரும் பாக்கெட்டுக்கு வயர்கார்டு வாயே திறக்காது, வேண்டுமென்றே அப்படி அமைக்கப்பட்டது அது. "மூடியிருக்கிறது" என்று தளம் சொன்னதைக் கேட்டு நல்ல அமைப்பைக் கலைக்க வேண்டாம்.

அப்புறம் டிடிஎன்எஸ் பெயர் இப்போதைய வேன் முகவரியைத்தான் காட்டுகிறதா என்று பிங் செய்து பாருங்கள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, எந்த எண்ணைக் கூப்பிடுகிறது என்பதுதான் வேண்டும்.

சாவியில் நடக்கும் தவறு பெரும்பாலும் ஒன்றுதான்: போனில் பியர் பகுதியில் ரவுட்டரின் பொதுச் சாவி இருக்க வேண்டும், ரவுட்டரில் பியர் பகுதியில் போனின் பொதுச் சாவி இருக்க வேண்டும். கையால் அடித்தால் குழம்பும். ரவுட்டர் கியூஆர் கோடு கொடுத்தால் அதையே ஸ்கேன் செய்யுங்கள், வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போட்டுவிடாதீர்கள். அந்தக் கோடுக்குள் தனிச் சாவி இருக்கிறது.

## "மொபைல் டேட்டாவில் வருகிறது, ஹோட்டல் வைஃபையில் வரவில்லை"

சில ஹோட்டல்களும் கல்லூரிகளும் அலுவலகங்களும் டிஎன்எஸ், இணையத்தளம் தவிர வேறு யுடிபியை விடுவதில்லை. சர்வரின் போர்ட்டை யுடிபி 443க்கு மாற்றினால் சில இடங்களில் வழி கிடைக்கும். அதுவும் அடைபட்டால் ரவுட்டரில் ஓப்பன்விபிஎன் என்ற வேறு விபிஎன் முறையை டிசிபி 443இல் இன்னொரு வழியாக வைத்துக்கொள்ளலாம். மெதுவாக இருக்கும், ஆனால் வரும்.

## "மொபைல் டேட்டாவில் வருகிறது, கோயம்புத்தூர் வீட்டு வைஃபையில் வரவில்லை"

மேலே உள்ளது போலவே தோன்றும், ஆனால் இங்கே ஹேண்ட்ஷேக் நடந்திருக்கும். அதுதான் அடையாளம். ஹேண்ட்ஷேக் இருந்தும் டிவிஆர் திறக்கவில்லை என்றால் இரண்டு வீட்டின் உள் முகவரிகளும் மோதுகின்றன.

கோத்தகிரி வீட்டில் டிவிஆர் 192.168.1.20. கோயம்புத்தூர் வீட்டிலும் நெட்வொர்க் 192.168.1 வரிசை. போன் அந்த எண்ணைப் பக்கத்து அறையில் தேடும், மலைக்கு ஏன் அனுப்பப் போகிறது? கம்பெனிகள் கொடுக்கும் மோடங்களில் 192.168.1.1 சர்வ சாதாரணம். டிபி-லிங்க், டி-லிங்க், டெண்டா பல மாடல்களில் 192.168.0.1. ஜியோ ஃபைபர் என்றால் 192.168.29.1, இரண்டு வீட்டிலும் ஜியோ இருந்தால் மோதல் நிச்சயம்.

மலை வீட்டின் வரிசையை யாரும் வைக்காத ஒரு எண்ணுக்கு மாற்றிவிடுங்கள். மாதிரியில் 47 என்று எடுத்தது அதற்காகத்தான். மாற்றியதும் தானாக முகவரி வாங்கும் சாதனங்கள் பின்னாலேயே வந்துவிடும். கையால் முகவரி போட்ட டிவிஆர், பிரிண்டர், கேமராக்கள் வராது, அவற்றை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். இதை வீட்டில் இருக்கும்போது செய்யுங்கள். மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறிய பிறகு தூரத்திலிருந்து செய்தால், பாதி வழியில் இணைப்பு அறுந்து மறுபடி மலை ஏற வேண்டியதுதான்.

## "ரவுட்டர் பக்கம் திறக்கிறது, டிவிஆர் மட்டும் திறக்கவில்லை"

விபிஎன் சரியாக வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. 192.168.47.1 திறந்துவிட்டால் சுரங்கத்தைத் தொடாதீர்கள், கோளாறு அந்தச் சாதனத்தில்.

டிவிஆர் மாட்டியவர் முகவரியைக் கையால் போட்டுவிட்டு கேட்வே (வெளி முகவரிகளுக்குப் போகும் வாசல்) இடத்தைக் காலியாகவோ பழைய எண்ணோடோ விட்டுப் போயிருப்பார். வீட்டுக்குள் இருந்து பார்க்கும்போது கேட்வே தேவைப்படாது, அதனால் யாருக்கும் தெரியாது. 10.8.47.2 என்ற முகவரியிலிருந்து உங்கள் கோரிக்கை வந்ததும் டிவிஆர் பதிலை எங்கே அனுப்புவது என்று தெரியாமல் விழிக்கும். கேட்வே 192.168.47.1 என்று போட்டால் முடிந்தது. டிவிஆரின் கடவுச்சொல்லே யாருக்கும் ஞாபகம் இல்லை என்றால் குறுக்கு வழி ஒன்று உண்டு: விபிஎன்னிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குப் போகும் பாக்கெட்டுகளுக்கு ரவுட்டரில் மாஸ்கரேட் போடுவது. கோரிக்கை ரவுட்டரிலிருந்தே வருவது போல டிவிஆருக்குத் தெரியும், பதில் சொல்லிவிடும்.

கணக்குக் கணினி பதில் சொல்லாததற்குக் காரணம் வேறு. விண்டோஸ் ஃபயர்வால் பிங், கோப்புப் பகிர்வு போன்றவற்றைப் பல சமயம் தன் உள்ளூர் சப்நெட்டுக்கு மட்டுமே அனுமதிக்கும். 10.8.47 அதற்கு அந்நியர். அந்த விதிகளின் ஸ்கோப் பகுதியில் 10.8.47.0/24ஐச் சேருங்கள். ஃபயர்வாலை மொத்தமாக அணைப்பது தீர்வல்ல. ரிமோட் டெஸ்க்டாப் என்றால் அந்தக் கணினியில் இருப்பது விண்டோஸ் ஹோம் பதிப்பா என்று முதலில் பாருங்கள், ஹோம் பதிப்பு ரிமோட் டெஸ்க்டாப் இணைப்பை ஏற்காது. கணினி தூங்கிப் போயிருந்தாலும் கதை இதுதான், ஸ்லீப்பை அணைத்து வையுங்கள்.

பெயர் சொல்லி அழைத்தால் வரவில்லை, எண்ணைப் போட்டால் வருகிறது என்பதும் இந்த வகைதான். விண்டோஸில் பக்கத்துக் கணினிகள் பெயரோடு தெரிவது பிராட்காஸ்ட் மூலம், அது சுரங்கத்துக்குள் வராது. எண்ணையே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், டிஎச்சிபியில் (ரவுட்டர் முகவரி கொடுக்கும் பகுதியில்) அந்த எண்ணை ரிசர்வ் செய்துவிடுங்கள்.

## "விபிஎன் போட்டால் போனில் வேறு எதுவும் வேலை செய்யவில்லை"

போனில் அலவுட் ஐபி 0.0.0.0/0 என்று இருக்கும். எல்லாப் போக்குவரத்தையும் கோத்தகிரி வழியாக அனுப்பு என்று அதற்குப் பொருள். ரவுட்டர் அதை வெளியே விட நேட் (முகவரி மாற்றும்) விதி இல்லாவிட்டாலோ, போனில் போட்ட டிஎன்எஸ் முகவரி பதில் சொல்லாவிட்டாலோ எல்லாம் நின்றுவிடும். கேமராவும் கணினியும் மட்டும் வேண்டும் என்றால் அதை 192.168.47.0/24, 10.8.47.0/24 என்று சுருக்குங்கள். யூடியூப் பார்ப்பதற்கு மலைக்குப் போய் வர வேண்டிய தேவை இல்லை.

## "நான் போட்டால் தம்பிக்கு அறுந்துவிடுகிறது"

ஒரே அமைப்புக் கோப்பை இரண்டு போனில் போட்டிருக்கிறீர்கள். ஒரு சாவிக்கு ஒரு சாதனம்தான். கடைசியாகப் பேசியவர் எங்கே இருக்கிறாரோ அங்கேதான் ரவுட்டர் பதில் அனுப்பும், அதனால் இரண்டு பேரும் மாறி மாறி ஒருவரை ஒருவர் தள்ளிவிடுவீர்கள். சாவிகள் வேறாக இருந்து, ரவுட்டரில் இரண்டு பியருக்கும் 10.8.47.2/32 என்றே போட்டிருந்தாலும் தொல்லைதான், ஒருவருக்கு வரும், இன்னொருவருக்கு வராது. ஒருவருக்கு 2, இன்னொருவருக்கு 3 என்று பிரியுங்கள். ஆளுக்கொரு சாவி இருந்தால் போன் தொலைந்த அன்று அந்தப் பியரை மட்டும் அழித்துவிடவும் முடியும்.

## "கரண்ட் போய் வந்ததிலிருந்து வரவில்லை"

மலையில் இதற்குத் தனிப் பகுதியே வேண்டும். கரண்ட் போனால் மூன்று விஷயங்கள் நடக்கும்.

முதலாவது, வேன் முகவரி மாறும். ரவுட்டர் டிடிஎன்எஸ்ஸுக்குப் புது எண்ணைச் சொல்லச் சில நிமிடம் ஆகும். அதுவும் முடிந்த பிறகும் உங்கள் போன் பழைய எண்ணையே கூப்பிட்டுக்கொண்டிருக்கும், ஏனென்றால் வயர்கார்டு பெயரை எண்ணாக மாற்றிப் பார்ப்பது தொடங்கும்போது மட்டும்தான். போனில் சுரங்கத்தை ஒரு முறை அணைத்துப் போடுங்கள். பாதிப் பேரின் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவது, கடிகாரம். மலிவான ரவுட்டர்களில் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. கரண்ட் வந்ததும் அது 1970லிருந்தோ மென்பொருள் தயாரான தேதியிலிருந்தோ தொடங்கும், நெட் வந்து என்டிபி (நேரம் சொல்லும்) சர்வரைக் கேட்ட பிறகுதான் இன்றைய தேதிக்கு வரும். ஓப்பன்விபிஎன் என்றால் "சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று லாகில் எழுதும். வயர்கார்டில் உங்கள் ரவுட்டர் சர்வராக இருக்கும்வரை இது பெரிதாகத் தொல்லை தராது. ஆனால் மேலே சொன்ன விபிஎஸ் ஏற்பாட்டில் ரவுட்டர்தான் முதலில் கூப்பிடுகிறது. ஒவ்வொரு ஹேண்ட்ஷேக்கிலும் நேர முத்திரை இருக்கும், முன்பு பார்த்ததைவிடப் பழைய முத்திரையோடு வந்தால் விபிஎஸ் அதை ஒதுக்கிவிடும். ரவுட்டரின் என்டிபி கோரிக்கையும் அந்தச் சுரங்கத்துக்குள்ளேயே போகும்படி 0.0.0.0/0 போட்டிருந்தால் இன்னும் மோசம்: நேரம் தெரியாமல் சுரங்கம் திறக்காது, சுரங்கம் திறக்காமல் நேரம் தெரியாது. என்டிபியை சுரங்கத்துக்கு வெளியே போகும்படி வைத்தால் சிக்கல் விடுபடும்.

மூன்றாவது, சாதனம் பாதி உயிரோடு வருவது. இடியோடு கரண்ட் போய் வந்திருந்தால் ரவுட்டரின் வேன் போர்ட் (மோடத்திலிருந்து கேபிள் வந்து மாட்டும் இடம்) மட்டும் செத்திருக்கலாம், வைஃபை வழக்கம்போல வரும். வேன் விளக்கு எரிகிறதா என்று கேட்டுப் பாருங்கள். மோடத்துக்கும் ரவுட்டருக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று போடுவது இங்கே ஆடம்பரம் இல்லை. வாங்கும்போது இரண்டு பெட்டியின் அடாப்டரிலும் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்ப் அளவைப் பார்த்து வாங்குங்கள், சில ரவுட்டர்கள் 9 வோல்ட்.

## "கேமரா பட்டியல் வருகிறது, படம் வரவில்லை"

சின்னது வருகிறது, பெரியது வரவில்லை. பிங் போகிறது, ரவுட்டரின் லாகின் பக்கம் பாதியில் நிற்கிறது, ரிமோட் டெஸ்க்டாப் கறுப்பாகவே இருக்கிறது. இது எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) கோளாறு.

சாதாரண லைனில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை போகும். வயர்கார்டு தன் மூட்டைக்காக அதிகபட்சம் 80 பைட் எடுத்துக்கொள்கிறது, அதனால்தான் அதன் இயல்பு எம்டியு 1420. பிபிபிஓஇ லைனில் 1500 கிடையாது, 1492தான். அப்படியென்றால் 1412க்கு மேல் வைத்தால் சில சூழலில் பெரிய பாக்கெட்டுகள் வழியில் தொலையும். மொபைல் நெட்வொர்க் நடுவில் இன்னும் கொஞ்சம் தின்னலாம். கணக்குப் போட்டு மண்டையை உடைக்காமல் இரண்டு பக்கமும் எம்டியுவை 1280க்கு இறக்கிப் பாருங்கள். படம் வந்துவிட்டால் நோய் இதுதான். அப்புறம் வேண்டுமானால் 1380, 1412 என்று ஏற்றிப் பார்க்கலாம். 1280லேயே விட்டுவிட்டாலும் வீட்டு உபயோகத்துக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

## "வருகிறது, ஆனால் தவழ்கிறது"

கேமராவை மெயின் ஸ்ட்ரீமில் பார்க்கிறீர்களா? 1080பி கேமரா ஒன்றே சில மெகாபிட் கேட்கும், நாலு சதுரத்தையும் ஒன்றாகத் திறந்தால் கேட்கவே வேண்டாம். போனில் சப் ஸ்ட்ரீமுக்கு (தரம் குறைந்த சின்னப் படத்துக்கு) மாற்றுங்கள். இங்கே முக்கியம் வீட்டின் அப்லோட் வேகம், டவுன்லோட் அல்ல. பழைய ரவுட்டரில் ஓப்பன்விபிஎன் ஓடினால் அதன் பிராசசர்தான் மூச்சு வாங்குகிறது, அதே பெட்டியில் வயர்கார்டு கணிசமாக வேகமாக ஓடும்.

கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் நின்றுவிடுகிறது என்றால் போன் பக்கம் கீப்அலைவ் 25 வையுங்கள், பேட்டரி சேமிப்பிலிருந்து வயர்கார்டு செயலிக்கு விலக்குக் கொடுங்கள்.

## எல்2டிபி வைத்திருப்பவர்களுக்கு

விண்டோஸில் பிழை எண்ணைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். 691 என்றால் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு, வழி சரியாக இருக்கிறது. 789 என்றால் முன்பகிர்வுச் சாவி இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லை என்பதே முதல் சந்தேகம். 868 என்றால் டிடிஎன்எஸ் பெயர் கிடைக்கவில்லை. 809 என்றால் வாசலுக்கே வரவில்லை: யுடிபி 500, 4500 இரண்டும் திறந்திருக்க வேண்டும். மேலே சொன்ன சிஜிநேட், இரட்டை ரவுட்டர் சோதனை எல்லாம் இதற்கும் அப்படியே பொருந்தும். உங்கள் ரவுட்டர் இன்னொரு மோடத்துக்குப் பின்னால் இருந்தால், போர்ட் எல்லாம் சரியாக இருந்தும் விண்டோஸ் 809 சொல்லும். விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் பாலிசி ஏஜென்ட் பகுதியில் யுடிபி என்காப்சுலேஷன் பற்றிய மதிப்பை 2 என்று வைத்து ஒரு முறை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

பழைய ஆண்ட்ராய்டு போனில் ஓடிய எல்2டிபி புதுப் போனில் இல்லையே என்று தேடினால், அது உங்கள் கண்ணில் கோளாறு இல்லை. ஆண்ட்ராய்டு 12லிருந்து புதிதாக எல்2டிபியோ அதைவிடப் பழைய பிபிடிபி முறையோ சேர்க்க முடியாது. பிபிடிபியை ஆப்பிள் 2016லேயே ஐஓஎஸ் 10இல் எடுத்துவிட்டது. அதன் பூட்டு எப்போதோ உடைந்துபோன பூட்டு, இருந்தால் இன்றே அணைத்துவிடுங்கள். ரவுட்டரில் ஓப்பன்விபிஎன்னோ ஐகேஇவி2வோ இருந்தால் அதற்கு மாறலாம். எதுவும் இல்லையென்றால் அடுத்த முறை இடி விழுந்து அது போகும் வரை காத்திருக்காமல் வயர்கார்டு உள்ள ரவுட்டராகப் பார்த்து வாங்கிவிடுங்கள்.